மறைந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிப்போம்

(வள்ளூரில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தரம் பிரித்தல் என்று பேசுவோம். இன்றைக்குக் கொஞ்சம் வேறு விஷயம். நம்ம பிள்ளைகளோட கணக்குப் பாடம். அதிலும் 'அல்ஜீப்ரா' என்று சொல்றாங்களே, அந்த இயற்கணிதம்.

"இதுக்கும் குழுவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீங்க. சம்பந்தம் இருக்கு. பேச்சு முடியும்போது நீங்களே சொல்வீங்க.

ஏன் இந்தப் பேச்சு?

நாங்கள் வீடு வீடாகப் போகும்போது அடிக்கடி கேட்கிற வார்த்தை இது: "மேடம், எம்பொண்ணு எல்லாப் பாடத்துலயும் பாஸ் பண்ணிடுவா. இந்தக் கணக்கு ஒண்ணுதான் இடிக்குது." அடுத்த வார்த்தையும் தயாராக இருக்கும்: "எனக்கே கணக்கு வராது, அவளுக்கு எப்படி வரும்?"

பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 35 மார்க் எடுத்தால்தான் தேர்ச்சி. கணக்கில் 30 எடுத்தால் மற்ற நான்கு பாடத்தில் 80 எடுத்திருந்தாலும் சான்றிதழில் தேர்ச்சி வராது. இந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் மின் நிலையம், துறைமுகம், கம்பெனி. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்த பிள்ளைக்கு ஒரு வேலை, படிக்காத பிள்ளைக்கு ஒரு வேலை. பையன் தோற்றால் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறான். பெண் தோற்றால் என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. "படிச்சது போதும், மாப்பிள்ளை பாருங்க" என்ற பேச்சு அன்றைக்கே ஆரம்பமாகிவிடும். ஒரு பாடத்து அஞ்சு மார்க் ஒரு பெண்ணோட வாழ்க்கையைத் திருப்பிவிடுகிறது.

அந்த அஞ்சு மார்க் பெரும்பாலும் எங்கே போகிறது? ஆறாம் வகுப்பில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து வரும்போது பயம் ஆரம்பிக்கிறது. எட்டாம் வகுப்பில் பயம் வளர்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை நோட்டை மூடி வைத்துவிடுகிறது. ஆகவே இன்றைக்கு அந்த எழுத்து என்ன, அது எதற்கு என்று நாம் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.

நாம் ஏற்கெனவே போடுகிற கணக்கு

ஒரு குழு. 16 பேர். சிலர் மாதம் 100 ரூபாய் சேமிக்கிறார்கள், சிலர் 200 ரூபாய். இந்த மாத வசூல் 2,300 ரூபாய். 200 கட்டினவங்க எத்தனை பேர்?

இந்தக் கணக்கை எந்த ஊக்குநரும் நொடியில் போடுவாங்க. "எல்லாரும் 100 கட்டியிருந்தா 1,600. வந்திருக்கிறது 2,300. கூடுதல் 700. இருநூறு கட்டினவங்க ஒவ்வொருத்தராலயும் 100 கூடுது. அப்போ 7 பேர்." அவ்வளவுதான். சரிபார்ப்போம்: 7 பேர் 200 வீதம் 1,400. மீதி 9 பேர் 100 வீதம் 900. கூட்டினால் 2,300. சரி.

இதையே பள்ளிக்கூடத்தில் எப்படி எழுதச் சொல்றாங்க? தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்றாங்க. பிள்ளைகள் 'எக்ஸ்' என்று எழுதுவார்கள். நாம் 'ம' என்று வைப்போம். மறைந்திருக்கும் எண்ணுக்கு 'ம'. 200 கட்டினவங்க ம பேர். அப்போ 100 கட்டினவங்க 16 – ம பேர்.

200 × ம + 100 × (16 – ம) = 2,300

200 ம + 1,600 – 100 ம = 2,300

100 ம + 1,600 = 2,300

100 ம = 700

ம = 7

பாருங்க, நீங்க வாயால் சொன்னதும் இதில் இருக்கிறது. அந்த 1,600 இருக்கு, 700 இருக்கு, 7 இருக்கு. புதுசா எதுவும் இல்லை. இயற்கணிதம் என்பது மனக்கணக்கை மற்றவரும் சரிபார்க்கிற மாதிரி எழுதி வைப்பது. தீர்மான நோட்டில் எழுதாத தீர்மானம் தீர்மானம் ஆகுமா? ஆகாது இல்லையா? அதே மாதிரிதான் இதுவும்.

தராசைச் சாய விடாதே

பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள்? "அந்தப் பக்கம் போனா கூட்டல் கழித்தல் ஆயிடும்" என்று ஒரு விதியை மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் ஆகும் என்று தெரியாது. அதனால் ஒரு நாள் சரியாகப் போடுவார்கள், மறுநாள் தப்பாகப் போடுவார்கள்.

மீன் விற்கிற சகோதரிகளுக்கு இது சுலபமாகப் புரியும். தராசில் ஒரு தட்டில் ஒரே எடையுள்ள 3 மூட்டையும் 2 கிலோ எடைக்கல்லும் இருக்கு. மறு தட்டில் 17 கிலோ எடைக்கல். முள் நேராக நிற்கிறது. ஒரு மூட்டை எத்தனை கிலோ?

முதலில் இரண்டு தட்டிலிருந்தும் 2 கிலோவை எடுத்துவிடுவோம். முள் அப்படியே நிற்கும். இப்போது 3 மூட்டை 15 கிலோ. ஒரு மூட்டை 5 கிலோ. எதுவும் "அந்தப் பக்கம்" போகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்தோம், அவ்வளவுதான். சமன்பாடு என்ற பெயரிலேயே 'சமன்' இருக்கிறது. நடுவில் போடுகிற = குறிதான் தராசு முள்.

'அல்ஜீப்ரா' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் பாக்தாத் நகரில் அல்-குவாரிஸ்மி என்ற அறிஞர் இருந்தார். அவர் எழுதிய புத்தகத்தின் பெயரில் 'அல்-ஜபர்' என்ற சொல் வருகிறது. உடைந்ததை, குறைந்ததைச் சரிசெய்து சேர்ப்பது என்று பொருள். ஸ்பெயின் நாட்டில் ஒரு காலத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரையும் இதே சொல்லிலிருந்து வந்த பெயரால்தான் கூப்பிட்டார்கள். நம்ம ஊர்க்காரங்க கை கால் முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போறாங்க இல்லையா? அந்த வேலைதான். ஒரு பக்கம் குறைந்தால் இரண்டு பக்கமும் கூட்டிச் சரிசெய்வது.

இட்லியும் தோசையும், கடனும் வரவும்

பிள்ளைகள் செய்கிற இன்னும் இரண்டு தவறு. ஒன்று, 3 + 2 ம என்பதை 5 ம என்று எழுதிவிடுவார்கள். "3 இட்லியும் 2 தோசையும் சேர்ந்தா 5 தோசை ஆயிடுமா?" என்று கேளுங்க. சிரிச்சுக்கிட்டே திருத்திக்கொள்வார்கள். ஒரே வகையைத்தான் ஒன்றாகக் கூட்ட முடியும். 3 ம + 2 ம என்றால் 5 ம. அது சரி.

இரண்டாவது, கழித்தல் குறி. "மைனஸை மைனஸால் பெருக்கினா ஏன் பிளஸ்?" என்று பிள்ளை கேட்டால் பெரியவர்களே முழிப்பார்கள். குழுப் பெண்கள் முழிக்கவே வேண்டாம். கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் என்ற இந்தியக் கணித அறிஞர் கூட்டல் எண்ணைச் சொத்து என்றும் கழித்தல் எண்ணைக் கடன் என்றும் சொல்லித்தான் விதி எழுதினார். ஒருவருக்கு நூறு நூறு ரூபாயாக மூன்று கடன் இருக்கு. அந்த மூன்றையும் நீக்கிவிட்டோம். அவர் நிலைமை 300 ரூபாய் ஏறினதா, இறங்கினதா? ஏறியது. கடனை எடுத்துவிட்டால் அது வரவு மாதிரிதான். கழித்தலின் கழித்தல் கூட்டல். கடன் வாங்கி அடைத்த நமக்கு இதைவிட நல்லா யாருக்குத் தெரியும்?

வட்டியில் மறைந்திருக்கும் எண்

இதுவரை பிள்ளைகளுக்கு. இப்போ நமக்கு.

வீட்டு வாசலுக்கு வந்து கடன் கொடுக்கிறவர்கள் உண்டு. "10,000 ரூபாய் வாங்கிக்கங்க. ரெண்டே வட்டி. பத்து மாசம். மாசம் 1,200 கட்டினா போதும்." நம்ம குழுவிலும் 2 வட்டி என்று வைத்துக்கொள்வோம். "ரெண்டும் ஒண்ணுதானே, அங்கே உடனே கிடைக்குது" என்று சொல்கிற சகோதரிகள் இருக்கிறார்கள். ஒன்றா? கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வெளியில்: முதல் மாதத்திலிருந்து பத்தாவது மாதம் வரை 10,000-க்கே வட்டி. மாதம் 200 வீதம் பத்து மாதம். வட்டி 2,000.

குழுவில்: மாதம் 1,000 அசல் திரும்புகிறது. வட்டி நிலுவைக்கு மட்டும். முதல் மாதம் 10,000-க்கு 200. இரண்டாம் மாதம் 9,000-க்கு 180. மூன்றாம் மாதம் 8,000-க்கு 160. இப்படியே குறைந்து பத்தாவது மாதம் 1,000-க்கு 20. மொத்த வட்டி 1,100.

அதே 10,000, அதே பத்து மாதம், அதே "ரெண்டு வட்டி". வித்தியாசம் 900 ரூபாய்!

அப்போ வெளியே வாங்குகிற கடனுக்கு, நிலுவைக்கு என்று பார்த்தால், உண்மையில் எத்தனை வட்டி? அதுதான் மறைந்திருக்கும் எண். அதை ம என்று வைப்போம். பத்து மாத நிலுவைகளையும் கூட்டுவோம்: 10,000 + 9,000 + 8,000 என்று 1,000 வரை. மொத்தம் 55,000. இதற்கு ம வட்டி என்றால் 55,000 × ம ÷ 100, அதாவது 550 ம. இது 2,000-க்குச் சமம்.

550 ம = 2,000

ம = 2,000 ÷ 550. மூன்றரையைத் தாண்டுகிறது.

தவணை கட்டுகிற முறையைப் பொறுத்து இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தோராயமாக மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் சொன்னது ரெண்டு, மறைந்திருந்தது மூன்றரை! 'ஃபிளாட்' என்று சொன்னால் முதல் தொகைக்கே கடைசி வரை வட்டி. 'குறையும் நிலுவை' என்று சொன்னால் மீதிக்கு மட்டும் வட்டி. கையெழுத்துப் போடும் முன் இது எந்த வகை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது. கணக்கு தெரியாது என்று நாம் ஒதுங்குகிற ஒவ்வொரு தடவையும் அந்த 900 ரூபாய் யாரோ ஒருவர் பைக்குப் போகிறது.

தெரியாதது இரண்டு என்றால்

நம்ம கூட்டத்துக்கு டீயும் வடையும் வாங்குகிறோம். ஒரு நாள் 4 டீ, 3 வடை, பில் 64 ரூபாய். இன்னொரு நாள் 4 டீ, 5 வடை, பில் 80 ரூபாய். டீ என்ன விலை, வடை என்ன விலை?

இரண்டாம் நாள் கூடுதலா வாங்கினது 2 வடை. கூடுதலா கொடுத்தது 16 ரூபாய். அப்போ வடை 8 ரூபாய். முதல் நாள் 3 வடைக்கு 24 போக 40 ரூபாய் மீதி. 4 டீ 40 என்றால் ஒரு டீ 10 ரூபாய். இதுதான் ஒன்பதாம் வகுப்பில் வருகிற 'நீக்கல் முறை'. ஒரு பில்லிலிருந்து இன்னொரு பில்லைக் கழித்து, ஒரு மறைந்த எண்ணை நீக்கிவிடுவது. நம்ம நாட்டில் 1150-ஆம் ஆண்டு பாஸ்கராச்சாரியார் எழுதிய பீஜகணிதம் நூலில், தெரியாத எண்கள் பல வரும்போது கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறத்தின் பெயரை வைத்தார்கள். பிள்ளைக்கு எழுத்து குழப்பமாக இருந்தால் நீங்களும் கோலப்பொடி நிறத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். "டீ மஞ்சள், வடை சிவப்பு" என்று.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். இரண்டாவது பில் "8 டீ, 6 வடை, 128 ரூபாய்" என்று இருந்தால் விலை கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. அது முதல் பில்லையே இரண்டு மடங்காக்கியது. புதுசா எதுவும் சொல்லவில்லை. ஒரே ஆள் இரண்டு தடவை சாட்சி சொன்னால் இரண்டு சாட்சி ஆகாது. சரி, "8 டீ, 6 வடை, 130 ரூபாய்" என்று இருந்தால்? அப்போ இரண்டு பில்லும் ஒன்றுக்கொன்று முரண். விலை மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ ஒரு பில் தப்பு.

பாடப்புத்தகத்தில் இதை 'ஒரே ஒரு தீர்வு, எண்ணற்ற தீர்வுகள், தீர்வு இல்லை' என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நாம் தணிக்கையில் செய்வதும் இதுதான். ரொக்கப் புத்தகமும் பேரேடும் வங்கிப் பாஸ்புக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறோம். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறோம்.

மூன்று வகைக் கட்டு

பத்தாம் வகுப்பில் மூன்று மறைந்த எண்கள் வரும். பிள்ளைகள் ரொம்பப் பயப்படுகிற இடம். இதற்குச் சீன நாட்டில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த ஒரு கணக்கு நூலிலிருந்தே உதாரணம் சொல்லலாம். நூலின் பெயர் 'ஒன்பது அத்தியாயங்கள்'. அறுவடைக் கட்டுகளைப் பற்றிய கணக்கு. அவர்கள் அளவையை நாம் 'படி' என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தரம் 3 கட்டு, இரண்டாம் தரம் 2 கட்டு, மூன்றாம் தரம் 1 கட்டு அடித்தால் 39 படி தானியம். 2 கட்டு, 3 கட்டு, 1 கட்டு என்றால் 34 படி. 1 கட்டு, 2 கட்டு, 3 கட்டு என்றால் 26 படி. ஒவ்வொரு தரத்திலும் ஒரு கட்டுக்கு எத்தனை படி?

முதல் வரியிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். மூன்றாம் தரம் காணாமல் போகும். முதல் தரம் இரண்டாம் தரத்தைவிட 5 படி அதிகம் என்று தெரியும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால், முதல் தரம் ஒரு கட்டும் இரண்டாம் தரம் ஒரு கட்டும் சேர்ந்து, மூன்றாம் தரம் 2 கட்டைவிட 8 படி அதிகம். முதல் தரத்துக்குப் பதிலாக 'இரண்டாம் தரமும் 5 படியும்' என்று வையுங்கள். இரண்டாம் தரம் 2 கட்டு, மூன்றாம் தரம் 2 கட்டைவிட 3 படி அதிகம் என்று வரும். அதாவது ஒரு கட்டுக்கு ஒன்றரைப் படி அதிகம்.

இப்போ கடைசி வரியில் எல்லாவற்றையும் இரண்டாம் தரமாக மாற்றிவிடலாம். முதல் தரம் 1 கட்டு என்பது இரண்டாம் தரம் 1 கட்டும் 5 படியும். மூன்றாம் தரம் 3 கட்டு என்பது இரண்டாம் தரம் 3 கட்டில் நாலரைப் படி குறைவு. ஆக இரண்டாம் தரம் 6 கட்டும் அரைப் படியும் சேர்ந்து 26 படி. 6 கட்டு இருபத்தஞ்சரை. ஒரு கட்டு நாலேகால் படி. முதல் தரம் ஒன்பதேகால். மூன்றாம் தரம் இரண்டேமுக்கால். வீட்டுக்குப் போய் மூன்று வரியிலும் பொருத்திப் பாருங்கள், சரியாக வரும்.

அந்தக் காலத்திலேயே அவர்கள் இந்த எண்களைக் கட்டம் கட்டமாக, எண்ணும் குச்சிகளால் பலகையில் வைத்துத்தான் போட்டார்கள். இன்றைக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் எண்களைக் கட்டமாக எழுதுவதற்கு 'அணி' என்று பெயர். குறுக்கே போவது நிரை, கீழே இறங்குவது நிரல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம்ம மாதாந்திர வசூல் தாள் என்ன? குறுக்கே ஒவ்வொரு உறுப்பினர். கீழே சேமிப்பு, அசல், வட்டி. நாம் மாசாமாசம் எழுதுகிறதும் ஓர் அணிதான். ஆயிரக்கணக்கான மறைந்த எண்கள் வந்தால் கம்ப்யூட்டர் போடுகிறது. அதுவும் அடிப்படையில் இப்படி ஒவ்வொன்றாக நீக்கித்தான் போடுகிறது.

துறைமுகத்துக் குமாஸ்தா

நம்ம பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய ஒரு கதை, நம்ம ரயில் பாதையின் கடைசியிலேயே இருக்கிறது. அத்திப்பட்டில் ஏறினால் எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் தாண்டி கடற்கரை ஸ்டேஷன். பக்கத்தில் சென்னைத் துறைமுகம். அந்தத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 1912 மார்ச் 1-ஆம் தேதி ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். பெயர் சீனிவாச ராமானுஜன். கும்பகோணத்தில் வளர்ந்தவர். உலகமே கொண்டாடுகிற கணித மேதை.

அவர் கல்லூரித் தேர்வில் தோற்றவர் என்பது பல பேருக்குத் தெரியாது. நம்ம பிள்ளைகளுக்கு நேர் எதிர். கணக்கில் கெட்டிக்காரர், மற்ற பாடங்களில் தோல்வி. உதவித்தொகை போனது. பட்டம் இல்லை. 1913 ஜனவரியில் இங்கிலாந்தில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, துறைமுகக் குமாஸ்தா என்றே தன்னை அறிமுகம் செய்துகொண்டார். 1914 மார்ச்சில் இதே துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார். 1920-ல் 32 வயதில் இறந்தார்.

அவர் பள்ளியில் படித்தபோது நடந்ததை அவருடைய தோழர் ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேல்வகுப்புக்கான ஒரு கணக்கை அவரிடம் கேட்டார்களாம். இரண்டு மறைந்த எண்கள். முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாவதைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாவதின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. அரை நிமிடத்தில் விடை சொன்னாராம்.

நம்ம பிள்ளைகளும் போடலாம். வர்க்கமூலம் என்றால் எந்த எண்ணை அதாலேயே பெருக்கினால் அது வரும் என்பது. முழு எண்ணாக வர வேண்டுமென்றால் 1, 4, 9 இவற்றில் தேடுவோம். முதல் எண் 9 என்று வையுங்கள். மூலம் 3. அப்போ இரண்டாவது 4. அதன் மூலம் 2. 9-ம் 2-ம் 11. பொருந்திவிட்டது!

ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளையும் நாம் நினைக்க வேண்டும். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து சொந்தக் காலில் நின்றார். 1994-ல் காலமானார்.

ராமானுஜன் பெயரில் ராயபுரத்தில் 1993-ல் ஓர் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தொடங்கினார்கள். அதற்காக உழைத்தவர் பி.கே.சீனிவாசன் என்ற பள்ளிக் கணக்கு ஆசிரியர். ராமானுஜனின் கடிதங்களையும், அவரோடு பழகியவர்களின் நினைவுகளையும் தேடித் தேடிச் சேகரித்து 1968-ல் புத்தகமாக்கினார். கணக்கைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்க முடியும் என்று 2005-ல் இறக்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் போனால் விசாரித்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

நாம் செய்ய வேண்டியது

"எனக்குப் படிப்பு இல்லையே, நான் எப்படிச் சொல்லித் தருவேன்?" என்று கேட்கிற சகோதரிகளுக்கு: சொல்லித் தர வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். போதும்.

1. இந்தக் கணக்குல எது தெரியாது? அதுக்கு என்ன பேர் வெச்ச?

2. எதெல்லாம் தெரியும்? அதை ஒரு வரியா எழுதினியா?

3. வந்த விடையைத் திருப்பிப் போட்டுப் பாத்தியா?

மூன்றாவது கேள்வியை மறக்கவே வேண்டாம். விடையைத் திரும்பப் பொருத்திப் பார்க்கிற பிள்ளை தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும். அதற்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது.

குழுக்கள் செய்யக்கூடியது:

• ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணி நேரம், கூட்டம் நடக்கிற இடத்திலேயே எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். மேல்நிலை வகுப்பில் கணக்கு எடுத்த பெண் ஒருத்தி ஊரில் இருப்பாள். அவளையே சொல்லித் தரச் சொல்லுங்கள். அவளுக்கும் பாடம் உறுதியாகும்.

• பிள்ளை கணக்கில் தோற்றால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். துணைத்தேர்வு இருக்கிறது. தோற்ற பாடத்தை மட்டும் எழுதினால் போதும். விண்ணப்பத் தேதியைப் பள்ளியில் கேட்டு எழுதி வையுங்கள். அந்தச் சில வாரங்கள் பிள்ளையைத் திட்டாமல் உட்கார வையுங்கள். கல்யாணப் பேச்சை எடுக்க வேண்டாம்.

• வெளிக்கடன் வாங்க நினைக்கிற உறுப்பினர் யாராக இருந்தாலும், முதலில் குழுவில் அந்த வட்டியின் 'ம' என்ன என்று போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். இதைத் தீர்மானமாகவே எழுதுங்கள்.

• "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை காதில் விழுகிற மாதிரி சொல்வதை இன்றோடு நிறுத்துவோம். மாசாமாசம் 16 பேர் பணத்தை ஒரு ரூபாய் பிசகாமல் எண்ணி வைக்கிறவங்களுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னது?

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு குழு கருவாடு பாக்கெட் விற்றது. சின்ன பாக்கெட் 40 ரூபாய், பெரிய பாக்கெட் 70 ரூபாய். மொத்தம் 20 பாக்கெட் விற்று 1,010 ரூபாய் வந்தது. பெரிய பாக்கெட் எத்தனை, சின்ன பாக்கெட் எத்தனை? முதலில் நீங்கள் வாயால் போடுங்கள். பிறகு பிள்ளையை 'எக்ஸ்' வைத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு விடையும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்து, அந்த நோட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.